ஒருசந்தி என்று நினைத்தோம்

அயல்நாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்து எம் இல்லத்தில் சில நாள்கள் தங்குவார் என்று சொல்லப்பட்ட அன்றே எனக்குள் அச்சம் குடிபுகுந்துவிட்டது. அது சமையலைப் பற்றிய அச்சமன்று. படுக்கையைப் பற்றியதும் அன்று. அவற்றுக்கெல்லாம் என் மருமகள் இருந்தாள். அவர் கேட்கப்போகும் ஒரு கேள்விக்கே நான் அஞ்சினேன். உப்பளத்துப் பெண்களாகிய உங்களுக்கு எது தேவை என்று அவர் கேட்பார். அதற்குரிய விடை எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் எல்லாருக்குமே தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னவர் எவரும் இல்லை.

மரக்காணத்து உப்பளங்களைக் காண வெளியூரார் வருவது புதிதன்று. கடற்கரைச் சாலையில் கார்கள் நிற்கும், கண்ணாடி அணிந்தவர்கள் இறங்கி எங்களைப் படம் பிடிப்பார்கள், பிள்ளைகள் அருகில் இருந்தால் மிட்டாய் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். கூடையைத் தலையில் வைத்திருக்கும்போது முகத்தை மறைக்க முடியாது. ஆகையால் எங்கள் முகங்கள் எந்தெந்த நாட்டுச் சுவர்களில் தொங்குகின்றனவோ, யாம் அறியோம்.

பிறகு இடையஞ்சாவடிப் பக்கத்திலிருந்து பயணிகளை அழைத்துவரும் ஒரு சிறு குழுவினர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களுடைய முறை வேறாக இருந்தது. வருகிற பயணி விடுதியில் தங்கக் கூடாது; ஊராரின் வீட்டிலேயே தங்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் கையில் எதையும் திணிக்கக் கூடாது. தங்கும் செலவில் ஒரு பங்கு வீட்டாருக்கு. மற்றொரு பங்கு ஊர்ப் பொது வேலைக்கு. அந்தப் பொது வேலை எது என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும். கேட்பதற்கு அது மிகவும் நேர்மையான ஏற்பாடாகத்தான் இருந்தது. ஆயினும் ஊர் என்பது யார்? மாதா கோயில் மண்டபத்தில் கூடிய ஆண்கள் ஊராக இருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு நாடக மேடை கட்டலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பெண்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பங்குச் சாமியார் கேட்டபோது, பின்வரிசையில் இருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, எது செய்தாலும் சரி என்றோம்.

பயணக் குழுவினருக்கு அந்தத் தலைகுனிவு பிடிக்கவில்லை போலும். மேடைக்குக் கல் இறக்குவதற்கு முன்பு, பயணி ஒருவர் உப்பளத்துப் பெண்களோடு சில நாள்கள் இருந்து அவர்களுடைய வாயிலிருந்தே கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்குச் செல்லாதவளாயினும் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முதல் வாசகம் வாசிக்கிறவள். அதனால் பேசத் தெரிந்தவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறர் எழுதியதை வாசிப்பதும் தன் வாயால் பேசுவதும் ஒன்றல்ல என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

எங்கள் தேவை இதுதான். உப்பளம் என்பது வானத்தைப் போல வெறுமையானது. மரம் இல்லை, புதர் இல்லை. நீண்ட வரப்புகளும் அவற்றின் நடுவே உப்பு விளையும் பாத்திகளும் மட்டுமே. ஒரு கொக்கு நின்றாலும் சாலையிலிருந்து தெரியும். விடியுமுன் போகிறோம், வெயில் உச்சிக்கு ஏறிய பின்பே வீடு திரும்புகிறோம். ஆண்கள் எங்கேனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. ஆகையால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் பழைய சோற்றைப் பிழிந்து உண்போம். நீராகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுவோம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடப்போம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. புதிதாக வேலைக்கு வரும் மருமகள்கள் முதல் நாள் குடிப்பார்கள், மறுநாள் குடிக்கமாட்டார்கள். என் ஓரகத்திக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது இதனால்தான் என்று அவள் நோயில் கிடந்தபோது எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அதற்குமேல் பேசவில்லை.

அந்தப் பெண்மணி வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, என் வயதை ஒத்தவர், ஒல்லியான தேகம். அவருடன் மொழிபெயர்க்க ஒரு வழிகாட்டிப் பெண் வந்திருந்தாள். வந்த அன்றே கேள்வி வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அவரோ கேட்கவில்லை. எங்களோடு ஒரு முழு நாள் வேலை செய்த பிறகே கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று வழிகாட்டிப் பெண்ணின் வாயிலாகச் சொன்னார். இதைக் கேட்டு எனக்கு அச்சம் கூடிற்றே ஒழியக் குறையவில்லை.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. உப்பு நன்றாக விளையும் பங்குனி வெயில். வழிகாட்டிப் பெண் சாலையோரத்து உப்புக் கொட்டகையில் நின்றுகொண்டாள். அவளுக்கு வரப்பில் நடக்க வரவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கும்படி அந்த அம்மையாரிடம் அவள் பலமுறை சொல்லித்தான் அனுப்பினாள். அவருடைய தோள்பையில் பளபளக்கும் எவர்சில்வர் குடுவை ஒன்று இருந்தது. நீண்ட காம்புள்ள பலகையால் பாத்தியின் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிப்பது எங்கள் வேலை. அவரும் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி இழுத்தார். முதலில் சேற்றையும் சேர்த்து இழுத்தார், பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு பழகிக்கொண்டார்.

வெயில் ஏறிற்று. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மையில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். அவர் ஒருமுறை குடுவையை வெளியே எடுத்தார். எங்கள் பக்கம் பார்த்தார். மீண்டும் பைக்குள் வைத்துவிட்டார். சற்று நேரம் கழித்து அவ்வாறே இன்னொரு முறையும் செய்தார்.

எனக்கு அடுத்த பாத்தியில் இருந்தவள் இதைக் கவனித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“யக்கா, அந்தம்மா ஒருசந்தி இருக்குது போல. வெள்ளிக்கெழம இல்ல.”

ஒருசந்தி என்பது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்கால நோன்புக்குப் பெயர். ஒரு வேளை மட்டும் உண்பது; கடுமையாக இருப்பவர்கள் நண்பகல் வரை தண்ணீரும் தொடமாட்டார்கள். அவள் சொன்னதை நாங்கள் எல்லாரும் நம்பிவிட்டோம். எங்களுக்கு அந்த அம்மையார்மீது பெருமதிப்பே உண்டாயிற்று. இவ்வளவு தூரம் வந்தும் நோன்பை விடவில்லையே என்று வியந்தோம். நோன்பு இருப்பவரிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது பாவம் அல்லவா? ஆகையால் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவர் போக்கு மாறிற்று. தம் மொழியில் தமக்குத்தாமே ஏதோ சொல்லிக்கொண்டார். செபம் சொல்கிறார் என்றாள் ஒருத்தி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வியர்வை இல்லை. எங்கள் எல்லாருடைய முகமும் நனைந்திருக்க, அவர் முகம் மட்டும் சிவந்து, காய்ந்து, சுட்ட ஓடு போல இருந்தது. நான் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன். சென்று சேருமுன் அவர் முழங்கால் மடிந்து பாத்திக்குள் விழுந்துவிட்டார்.

அந்த உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் எங்களுக்கே உயிர் போகும். அவர் முகம் அதில் கிடந்தது. தூக்கினோம். அவர் உடல் கொதித்தது. கழுவுவதற்கு நல்ல தண்ணீர் அந்தப் பரப்பு முழுவதிலும் இல்லை. பெண்கள் குடிக்காத இடத்துக்கு யார் குடம் சுமந்து வருவார்? நான் அவருடைய பையைத் திறந்து குடுவையை எடுத்தேன். அது கனத்தது. மூடியைத் திருகினேன், தண்ணீர் கழுத்துவரை நின்றது. ஒரு மிடறும் குறையவில்லை. கண்களைக் கழுவினேன், உதடுகளை நனைத்தேன். வாய்க்குள் ஊற்றப்போன என் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

“மயக்கத்துல ஊத்தாதக்கா. மூச்சுல ஏறிடப்போவுது.”

அவள் தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் எனக்கு உடல் குளிர்கிறது.

வரப்பில் இருவர் இணைந்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக நின்று, கூடையைக் கைமாற்றுவதுபோல அவரைக் கைமாற்றிக் கொட்டகை வரை கொண்டு சேர்த்தோம். உப்பு மூட்டை ஏற்ற வந்திருந்த குட்டியானை என்னும் சிறு லாரி நின்றிருந்தது. மூட்டைகளின்மேல் சாக்கு விரித்து அவரைக் கிடத்தினோம். வழிகாட்டிப் பெண் அழுதுகொண்டே தலைப்பக்கம் ஏறினாள். நான் கால்பக்கம் ஏறினேன். எங்கள் மேஸ்திரியும் தாவி ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் அவர் என் காதருகே குனிந்தார்.

“ஏம்மா, ஆஸ்பத்திரில கேட்டா வேடிக்க பாக்க வந்துச்சுன்னு சொல்லிடு. வேல செஞ்சதுன்னு சொல்லாத. எம் பொழப்பே போயிடும்.”

அவர் கெட்ட மனிதரல்லர். சொல்லிவிட்டுத் தம் துண்டை விரித்து அம்மையாரின் முகத்துக்கு நிழல் பிடித்தார். அந்த அம்மையாரின் பாதங்களை நான் மடியில் வைத்திருந்தேன். உப்பு அறுத்து அவற்றில் கோடு கோடாக இரத்தம் கசிந்திருந்தது. இந்தப் பாதங்கள் குளிர்ந்துவிட்டால் என்ற ஒரே நினைவுதான் எனக்கு. வழிநெடுக அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த செபங்களில் ஒன்றுகூட முழுமையாக வரவில்லை. பாதியில் அறுந்து அறுந்து போயிற்று.

மருத்துவமனையில் உடனே படுக்க வைத்துச் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஈரத்துணியால் உடலைப் போர்த்தினார்கள். நெடுநேரம் கழித்து அவர் கண் திறந்தார். மருத்துவர் ஓர் இளம்பெண். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று அவர் கேட்க, அம்மையார் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வழிகாட்டிப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க யாருமே குடிக்கலையாம். தான் மட்டும் குடிச்சா மரியாத இல்லன்னு இருந்துட்டாங்களாம். நீங்க குடிக்கிறப்ப சேந்து குடிக்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். ஏம்மா, நீங்க ஏன் ஒருத்தர்கூட குடிக்கல?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டி ஓட்டுநரும் பார்த்தார். மேஸ்திரிதான் முந்திக்கொண்டு, அவங்களுக்கு அது பழக்கமாயிடுச்சு டாக்டர் என்று சொல்லிவிட்டார். மருத்துவர் அதை நம்பவில்லை என்பது அவர் பார்வையில் தெரிந்தது. ஆனால் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்கள்.

அவர் உயிர் பிழைத்தார் என்பது உறுதியான பிறகுதான் எனக்கு மற்ற அச்சங்கள் வரிசையாக வந்தன. இனி எந்தப் பயணியும் நம் ஊருக்கு வரமாட்டார் என்றார்கள் சிலர். விருந்தினரைக் கொல்லப் பார்த்த வீடு என்று என் வீட்டைச் சுட்டுவார்கள் என்று மருமகள் அழுதாள். அம்மையாரோ சனிக்கிழமை மாலையில் எம் இல்லத்துக்கே திரும்பி வந்தார். விடுதிக்குப் போகலாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னதை அவர் ஏற்கவில்லை. என் மருமகள் கொடுத்த கஞ்சியைக் குடித்தார். குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி இன்னும் அவரிடம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசையில் வாசகம் வாசித்தேன். அதில் ஒரு சொல்லும் என் செவியில் ஏறவில்லை. பூசை முடிந்ததும் மண்டபத்தில் கூட்டம். ஊர்க் குழுவின் தலைவர் எழுந்து, இனி வருகிற பயணிகளை உப்பளத்துப் பக்கமே விடக் கூடாது, படகில் ஏற்றிக் கழுவெளி ஏரியில் பறவை காட்டினால் போதும், மேடை வேலையை உடனே தொடங்கிவிடலாம் என்றார். பலர் தலையசைத்தார்கள். அப்போது அம்மையார் நாற்காலியிலிருந்து கை உயர்த்தினார். மேடையைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. மருத்துவமனையில் விடை கிடைக்காத அதே கேள்வியைத்தான் கேட்டார். பெண்கள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

சாமியார் என் பக்கம் கையைக் காட்டினார். நீங்களே சொல்லுங்கள் என்றார்.

எழுந்து நின்றேன். முன்வரிசையில் என் மகன் இருந்தான். சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள். நோன்பு என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்று தோன்றிற்று. எல்லாரும் நம்புவார்கள், எவருக்கும் மானக்கேடு இல்லை. ஆனால் கழுத்துவரை நிறைந்திருந்த அந்தக் குடுவை என் கையில் இன்னும் கனத்தது.

“சாமி, நாங்க ஒருசந்தி இருந்து குடிக்காம இல்ல. வருஷம் பூரா குடிக்கறதில்ல. ஒதுங்க எடமில்ல சாமி. அதான் குடிக்கறதில்ல.”

என் குரல் எனக்கே அயலாகக் கேட்டது. என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்க்கச் சற்றே தயங்கினாள். பிறகு மிகச் சுருக்கமாகச் சொன்னாள். அம்மையார் என்னிடம் எத்தனை காலமாக என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்றேன். அவர் தம் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

தலைவர் முகம் சுளித்தார்.

“கோயில் மண்டபத்துல, அதுவும் சாமி முன்னால பேசற பேச்சா இது?”

பின்வரிசையிலிருந்து, என் கையைப் பிடித்துத் தடுத்தாளே, அவள் குரல் எழுந்தது.

“வேற எங்க பேசறது அண்ணே? உப்பளத்துல குந்துனா பாண்டிச்சேரி பஸ்சு கண்டக்டரு எண்ணிச் சொல்லுவான் எத்தினி பேருன்னு. சாமி மட்டும் போவாமயா இருக்காரு?”

முதலில் சாமியார்தான் சிரித்தார். பிறகு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினூடே நான் உட்கார்ந்துவிட்டேன். அச்சம் நீங்கி உட்கார்ந்தேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இனி வீட்டுக்கு எப்படிப் போவேன் என்று எண்ணி உட்கார்ந்தேன்.

முடிவு எளிதில் வரவில்லை. ஆண்களில் சிலர், மேடைக்கு ஒதுக்கிய பணத்தைப் பெண்கள் ஒதுங்கும் அறைக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றார்கள். நீங்களே சொல்லுங்கள் என்று அம்மையாரைக் கேட்டார்கள். தாம் தங்கிப்போக வந்தவர், ஊர் வேலையில் தமக்குச் சொல் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அறை வேண்டும் என்கிறவர்கள், அதுவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும், கை தூக்கட்டும் என்றார் சாமியார். வெடித்த உள்ளங்கைகள் பின்வரிசை முழுவதும் எழுந்தன. என் மகன் திரும்பிப் பார்த்தான். அவனும் மூட்டை ஏற்றுகிறவன்தான். சற்றுப் பொறுத்து அவனும் கை தூக்கினான்.

அம்மையார் தம் நாடு சென்றார். மழைக்காலம் வந்து உப்பளம் மூடியிருந்த மாதங்களில், கொட்டகையை அடுத்த மேட்டில் இரண்டு அறைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எழும்பின. கொத்தனார் கதவைச் சாலைப்பக்கமாக வைக்கத் தொடங்கினார். வருகிறவர்கள் பார்த்தால்தானே தெரியும் என்றார் தலைவர். கதவு கழுவெளிப் பக்கம் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்போதும் நடுங்கினேன், ஆனால் பேச்சு முழுவதுமாக வந்தது. பயணிகள் தொடர்ந்து வருகிறார்கள். அவர்கள் தங்கும் செலவின் ஊர்ப் பங்கிலிருந்துதான் தொட்டிக்கு நீர் வருகிறது. துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் ஊதியம் போகிறது. அயலூருக்குப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கேட்டபின், விடை வரும்வரை இருங்கள். எம் விடை வருவதற்கு ஓர் உயிர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அது எவருக்கும் நேர வேண்டாம்.

வழிகாட்டிப் பெண்ணின் கைப்பேசி வழியாக அம்மையார் அவ்வப்போது நலம் விசாரிப்பார். கேட்பது ஒன்றுதான். தண்ணீர் குடிக்கிறீர்களா?

பருவம் தொடங்கிய முதல் காலையில் நானும் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுபோனேன். எல்லாரும் கொண்டுவந்திருந்தார்கள், எவரும் திறக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு நான் மூடியைத் திருகினேன். ஒரு வாய் நீரை வாங்கி அப்படியே வைத்திருந்தேன். அது தொண்டைக்குள் இறங்க மறுத்தது. இத்தனை காலம் பூட்டி வைத்த தொண்டை அல்லவா? பெண்கள் பலகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பிறகு இன்னொரு மிடறு. பிறகு நெடுநேரம், வயிற்றில் வெடி வைத்ததுபோல ஒவ்வொரு கணமும் அஞ்சிக்கொண்டே உப்பை இழுத்தேன்.

நேரம் வந்தது. புதிய அறைகளை நோக்கி வரப்பில் நடக்கத் தொடங்கினேன். சாலையில் ஒரு பேருந்து போனது. என் முதுகு கூசியது. திரும்பிப் பார்த்தேன். எவரும் சொல்லாமலே பெண்கள் அனைவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது, அடுத்த பாத்தியில் இருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்.

“உள்ள தாப்பா இருக்குதாக்கா?”

“ரெண்டு இருக்குது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

அவள் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டுத் தன் போத்தலை எடுத்தாள்.